அப்பா வண்டிக்கு ஒரு கியர் இண்டிகேட்டர்

ஒரு சாதாரண 100 சிசி வண்டிக்கு, தான் இப்போ எந்த கியர்ல ஓடிக்கிட்டு இருக்கோம்னு தெரியாது. கேட்க வேடிக்கையா இருக்கும், ஆனா உண்மை. அதுக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான்: நியூட்ரல். கியர்பாக்ஸுக்குள்ள ஷிப்ட் டிரம்னு ஒரு உருளை இருக்கு. நாம லீவரை மிதிக்க மிதிக்க அது ஒவ்வொரு படியாத் திரும்பும். அதன் மேல வெட்டியிருக்கிற பள்ளங்கள்ல ஓடுற ஃபோர்க்குகள் பல்சக்கரங்களை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளும். நியூட்ரல் நிலைக்கு வரும்போது மட்டும் டிரம்மோட நுனியில இருக்கிற ஒரு சின்னத் தொடுமுனை எர்த் ஆகும், மீட்டர்ல பச்சை பல்பு எரியும். மத்த நாலு நிலைக்கும் அப்படி எதுவும் கிடையாது. ஒண்ணா, நாலா என்பதை ஓட்டுறவரோட காலும் காதும்தான் ஞாபகம் வெச்சுக்கணும்.

இது பெரிய தொழில்நுட்பக் குறை எல்லாம் இல்லை. சுஸுகி 1970களிலேயே தன்னோட பெரிய வண்டிகளின் மீட்டர்ல கியர் எண்ணைக் காட்டியிருக்கு. இப்போ நம்ம காலேஜ் பார்க்கிங்கில நிக்கிற புது வண்டிகள் பலதுல அது சும்மாவே வருது. பழைய கம்யூட்டர் வண்டிகளுக்கு அது தேவைப்படலை, அவ்வளவுதான். நாலே நாலு கியர். ஒரு வாரம் ஓட்டினா காலுக்குப் பழகிடும்.

அந்தக் கால் மரத்துப்போனா?

எங்க ஊர் சென்னிமலைக்குப் பக்கம். அப்பா தறிக்காரங்க வீடுகள்ல இருந்து போர்வை பண்டல்களை எடுத்துக்கிட்டுப் போய் சென்னிமலையில கடைகளுக்குப் போடறவரு. வண்டி பேரைச் சொல்ல வேண்டியதில்லை, நம்ம ஊர்ல எந்தத் தெருவுல நின்னாலும் அதுல ரெண்டு நிக்கும். அப்பாவுக்குச் சர்க்கரை வந்து 14 வருஷம். போன வருஷம் கோடை லீவுக்குப் போனப்போ அம்மா சொன்ன முதல் விஷயம், "உங்கப்பாவுக்குக் கால்ல போட்ட செருப்பு கழண்டு விழுந்தாக்கூடத் தெரியறதில்ல சாமி. வீடு வந்து சேர்ந்து பாத்தா ஒத்தச் செருப்புதான் இருக்குது."

அரசு ஆஸ்பத்திரியில கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டினேன். டாக்டர் பண்ணின ரெண்டு டெஸ்ட்டும் நம்மள மாதிரி ஆளுங்களுக்குப் புரியற டெஸ்ட்தான். முதலாவது, ஒரு நைலான் இழை. அதைப் பாதத்துல குத்தி அழுத்தினா சரியா 10 கிராம் விசையில வளையற மாதிரி செஞ்சிருக்காங்க. கண்ணை மூடிக்கிட்டு, தொடும்போதெல்லாம் "ஆமா" சொல்லணும். இடது பாதத்துல 10 இடத்துல தொட்டதுக்கு அப்பா நாலு தடவைதான் "ஆமாங்" சொன்னாரு. வலது பாதத்துல எட்டு. ரெண்டாவது, ஒரு ட்யூனிங் ஃபோர்க். 128 ஹெர்ட்ஸ். நாம ஸ்கூல் லேப்ல ரெசனன்ஸ் குழாய்க்குப் பக்கத்துல தட்டினோமே, அதே ஜாதி. அதைத் தட்டி இடது கால் கட்டைவிரல் எலும்பு மேல வெச்சப்போ, அதிருதா நின்னுடுச்சானு அப்பாவால சொல்ல முடியலை.

அந்த நிமிஷம் எனக்குப் புரிஞ்சது, கியர் விழுறது என்பதே காலுக்கு ஒரு சின்ன அதிர்வுதான். 'டக்'னு ஒரு தட்டு. கியர் லீவர் இருக்கிறது இடது பக்கம்.

வீட்டுக்கு வந்த பிறகு அப்பாகிட்ட நேராவே கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டுச் சொன்னாரு: "எந்த கியர்னே தெரியமாட்டேங்குது சாமி. இன்ஜின் சத்தத்த வெச்சு ஓட்டிக்கிட்டிருக்கறேன். பக்கத்துல லாரி வந்துட்டா அதுவும் கேக்கறதில்ல." வேகத்தடையில நாலாவது கியர்லயே ஏறி இன்ஜின் டொக்கு டொக்குனு இடிக்கிறதும், டாப்ல இருக்கும்போதே இல்லாத அஞ்சாவது கியரைத் தேடி மிதிக்கிறதும் அவருக்கே தெரிஞ்சிருந்தது. சிக்னல்ல நியூட்ரல்னு நெனச்சு கிளட்ச்ச விட்டு வண்டி முன்னால பாஞ்சது ஒரு தடவை. நியூட்ரல் பல்பு ஃபியூஸ் ஆகி ரெண்டு வருஷமாம்.

"வண்டிய விட்டுருங்கப்பா"னு சொல்றது சுலபம். என் செமஸ்டர் ஃபீஸ் அந்த வண்டி கேரியர்ல இருந்துதான் வருது. அதனால நான் அதைச் சொல்லலை. அப்பாவும் எதிர்பார்க்கலை. "உங்க காலேஜ்ல இதுக்கு ஏதாச்சும் பண்ண மாட்டீங்களா?"னு மட்டும் கேட்டாரு.

சரி, விஷயத்துக்கு வருவோம். கியரைக் கண்டுபிடிக்க மூணு வழி இருக்கு.

முதல் வழி, ஷிப்ட் டிரம்லயே ஒவ்வொரு நிலைக்கும் ஒரு தொடுமுனை வைக்கிறது. கம்பெனிகள் செய்யறது இதுதான். சந்தேகத்துக்கே இடமில்லாத வழி. ஆனா இன்ஜினைத் திறக்கணும், சூடான ஆயிலுக்குள்ள நிக்கிற மாதிரி ஒரு தகட்டைக் கடையணும். எங்க ஊர் மெக்கானிக் அண்ணன் கேட்ட உடனே கையெடுத்துக் கும்பிட்டுட்டாரு: "தம்பி, இன்ஜினத் தொடாம நீ என்ன வேணாப் பண்ணிக்க."

ரெண்டாவது வழி, லீவரை எண்ணுறது. முன்னால மிதிச்சா ஒண்ணு கூட்டு, குதிகாலால மிதிச்சா ஒண்ணு கழி, நியூட்ரல் வந்தா பூஜ்யம். இணையத்துல பார்க்கிற பாதி புராஜெக்ட் இதுதான். இதுல ஒரு பெரிய ஓட்டை. லீவர் அசைஞ்சா கியர் மாறிடுச்சுனு அர்த்தமில்லை. அரைகுறையா மிதிச்சா பல்லு சேராம பழைய கியர்லயே நிக்கும். கணக்கு மட்டும் ஒண்ணு ஏறிடும். அடுத்த நியூட்ரல் வர்ற வரைக்கும் காட்டுறது எல்லாம் பொய். கால்ல உணர்வு இருக்கிறவன் அதைக் கண்டுபிடிச்சிடுவான். கால்ல உணர்வு இல்லாதவருக்காகத்தான் இதைச் செய்யவே போறோம்.

மூணாவது வழி எனக்குப் பிடிச்ச வழி. கிளட்ச் முழுசா விட்டிருக்கும்போது இன்ஜினும் பின்சக்கரமும் பல்சக்கரங்களாலும் செயினாலும் கட்டிப்போட்ட மாதிரி. பின்சக்கரம் ஒரு சுத்து சுத்தினா இன்ஜின் எத்தனை சுத்து சுத்தணும் என்பது ஒவ்வொரு கியருக்கும் நிலையான எண். வேகம் எவ்வளவா இருந்தாலும் அது மாறாது. டயர் தேஞ்சாலும் மாறாது, ஏன்னா நாம கிலோமீட்டரைக் கணக்கிடலை, சுத்தைத்தான் எண்ணுறோம். செயின் ஸ்ப்ராக்கெட்டை வேற பல் எண்ணிக்கைக்கு மாத்தினா மட்டும்தான் மாறும்.

இந்த எண்ணைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். வண்டியை சென்டர் ஸ்டாண்ட் போட்டு, ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிட்டேன். இடது பக்க கவர்ல இருக்கிற வட்ட மூடிகளைத் திறந்தா மேக்னெட்டோ சுத்துறது தெரியும். டாப் கியரைப் போட்டு, பின்சக்கரத்தைக் கையால அஞ்சு சுத்து சுத்த, தங்கச்சி உட்கார்ந்து மேக்னெட்டோ குறியை எண்ணினா. 56. மூணாவது கியர்ல 72க்கு மேல ஒரு அரை. ரெண்டாவதுல கிட்டத்தட்ட 100. முதல் கியர்ல சக்கரத்தைக் கையால சுத்துறதுக்கே தோள்பட்டை கழண்டுடும், 165ஐத் தாண்டுச்சு. அஞ்சால வகுத்தா ஒரு சக்கரச் சுத்துக்கு ஏறக்குறைய 11, 14½, 20, 33. பக்கத்துப் பக்கத்து எண்களுக்கு நடுவுல நல்ல இடைவெளி இருக்கு. 13க்குக் கீழ இருந்தா டாப், 17க்குக் கீழ மூணு, 26க்குக் கீழ ரெண்டு, அதுக்கு மேல ஒண்ணு. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு மெஷின் லேர்னிங் போடறவங்க மன்னிக்கணும், மூணே மூணு இஃப்தான்.

ஆனா இந்த வழிக்கும் ஒரு எல்லை இருக்கு. கிளட்ச்சைப் பிடிச்சிருக்கும்போதும் வண்டி நிக்கும்போதும் அந்தக் கட்டு அறுந்துடும். சிக்னல்ல நிக்கும்போது இந்தக் கணக்கு எதையும் சொல்லாது. அப்பாவுக்குப் பயம் வந்த இடமே அதுதான்.

அதனால மூணையும் சேர்த்தேன். ஓடும்போது சுத்துக் கணக்கு சொல்றதுதான் உண்மை. நிக்கும்போது, நியூட்ரல் சுவிட்ச் எர்த் ஆனா மட்டும்தான் 'N'. கிளட்ச் பிடிச்சிருக்கிற இடைவேளையில லீவர் எண்ணிக்கை சொல்றதைத் தற்காலிகமா நம்பலாம், ஆனா அந்த எண் மினுக்கிக்கிட்டே இருக்கும். கிளட்ச்சை விட்டதும் சுத்துக் கணக்கு அதை ஒத்துக்கிட்டா நிலையா எரியும். ரெண்டும் முரண்பட்டு, எதை நம்புறதுனே தெரியலைனா ஒரே ஒரு கோடு. எண் கிடையாது.

இந்தக் கோட்டைப் பத்தி என் ரூம்மேட்டுக்கும் எனக்கும் ஒரு ராத்திரி முழுக்கச் சண்டை. அவன் சொன்னான், "டிஸ்ப்ளேனா எப்பவும் ஏதாவது காட்டணும்டா, கோடு போட்டா வேலை செய்யலைனு நெனைப்பாங்க." இன்னொருத்தருக்கு விக்கிற பொருளா இருந்தா அவன் சொல்றது சரியா இருக்கலாம். இது அப்படி இல்லை. தப்பான 'N'ஐ நம்பிக் கிளட்ச்சை விட்டா வண்டி முன்னால நிக்கிற பஸ்ல போய் முட்டும். அப்பாகிட்ட ஃபோன்ல கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை: "தெரியலீனா தெரியலீங்கட்டும். அதுக்கென்ன. பொய் சொல்லாம இருந்தாச் சரி." ரூம்மேட் தோத்தான்.

இனி சாமான் பட்டியல். ஒரு ஆர்டுயினோ நானோ, மூணு ஹால் சென்சார், நாலு நியோடிமியம் காந்தம் சக்கரத்துக்கு, ஒண்ணு லீவருக்கு, ஒரு அங்குல உயரத்துல ஒரு ஏழு துண்டு எல்இடி. அப்பாவுக்குச் சாளேசரம், சின்ன எழுத்து எடுபடாது. எல்லாம் சேர்ந்து 1100 ரூபாய் சொச்சம்.

நான் எனக்கே போட்டுக்கிட்ட ஒரு சட்டம்: என் சர்க்யூட் செத்தாலும் வண்டி நிக்கக் கூடாது. இன்ஜின் சுத்தை எண்ண சிடிஐக்குப் போற பல்சர் வயர்ல இருந்து ஒரு கிளை எடுக்கிறதுதான் நேர்வழி. அதுல ஒரு ஷார்ட் ஆனா நடுரோட்டுல இன்ஜின் ஆஃப். அதனால எந்த வயரையும் வெட்டலை. பிளக்குக்குப் போற தடிச்ச வயர் மேல, இன்சுலேஷன் உள்ள மெல்லிய வயரை ஆறு சுத்து சுத்தினேன். ஒவ்வொரு ஸ்பார்க்குக்கும் அதுல ஒரு துள்ளல் வரும். தொட்டுக்காமலே எடுக்கிற சிக்னல். இந்த மாதிரி வண்டிகள்ல ஃபோர் ஸ்ட்ரோக்கா இருந்தாலும் சுத்துக்கு ஒரு ஸ்பார்க் அடிக்கும். தேவைப்படுறது ரெண்டு சுத்துக்கு ஒண்ணுதான், மீதி ஒண்ணு வீண். நமக்கு அது வசதி, மேக்னெட்டோ எண்ணிக்கையும் ஸ்பார்க் எண்ணிக்கையும் ஒண்ணா இருக்கும்.

அந்தத் துள்ளல் ஒரே ஒரு துள்ளலா வராது என்பதுதான் தொல்லை. ஒரு ஸ்பார்க்குக்கு ஏழெட்டு அலை ஆடி அடங்கும். லேப் ஆசிலோஸ்கோப்புல பார்த்தப்போ மீன்முள் மாதிரி இருந்தது. ரெசிஸ்டரும் ஜீனர் டயோடும் போட்டு 5 வோல்ட்டுக்குள்ள அடக்கி, 74எச்சி14 வழியா விட்டு முனையைக் கூர்மையாக்கினேன். மீதியை மென்பொருள்ல தீர்த்தேன். இன்ஜின் நிமிஷத்துக்கு 9000 சுத்து சுத்தினாலும் ஒரு சுத்துக்கு 6.7 மில்லிசெகண்ட் ஆகும். அப்போ ஒரு பல்ஸ் வந்த பிறகு 4 மில்லிசெகண்டுக்கு எது வந்தாலும் காதுல வாங்காதே. அதோட அந்த முள்ளெல்லாம் போயிடுச்சு.

சக்கரத்துல காந்தம் ஒட்டுறதுக்கு ஸ்ப்ராக்கெட் பக்கம் இடமில்லை, செயின் முழுக்க மூடி போட்ட வண்டி. வலது பக்கம் பிரேக் பிளேட் சுத்தாம நிக்கும், அதை ஒட்டி ஹப் சுத்தும். ஹப் அலுமினியம், காந்தம் தானா ஒட்டாது. எபாக்ஸி போட்டு ஸ்போக் விளிம்பு ஓரமா நாலு காந்தம், பிரேக் பிளேட்டுல ஒரு பிராக்கெட், அதுல சென்சார். சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினா பலம் இழக்க ஆரம்பிக்கும், பண்டல் ஏத்தின வண்டியில டிரம் நல்லாவே சூடாகும். அதனாலதான் ஷூ உரசுற இடத்துல இருந்து தள்ளி விளிம்புல. நாலு காந்தத்தையும் கையால ஒட்டும்போது இடைவெளி சமமா வராது. அதுக்காக ஒவ்வொரு காந்தத்துக்கும் அது முந்தின தடவை வந்த நேரத்தோடதான் ஒப்பிட்டேன். முழுச் சுத்து எப்பவும் முழுச் சுத்துதானே.

கரண்ட் எடுக்கிறதுல ஒரு எச்சரிக்கை. பழைய வண்டிகள் பலதுல ஹெட்லைட் பேட்டரியில எரியறதில்லை, மேக்னெட்டோவுல இருந்து நேரா வர்ற ஏசியில எரியும். கைக்கு எட்டுதேனு அந்த வயர்ல போர்டை மாட்டினா அதோட கதை முடிஞ்சது. ஹாரன், இண்டிகேட்டருக்குப் போற டிசி வயரைத் தேடிப் பிடிக்கணும். அதுலயும் 12 வோல்ட்னு பேருதான். ஹாரன் அடிக்கிற ஒவ்வொரு தடவையும் வயர்ல ஊசி ஊசியா வோல்டேஜ் எகிறும், போர்டு மயங்கி எழுந்திருக்கும். ஃபியூஸ், அதுக்குப் பின்னால ஒரு டிவிஎஸ் டயோட் (ஓசூர் கம்பெனி இல்லை, எகிறலை விழுங்குற டயோடு), பெரிய கபாசிட்டர், எல்எம்2596 பக் மாட்யூல். அதுக்கப்புறம் ஹாரனை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே தெருவைச் சுத்தி வந்தேன், எண் அசையலை. தெரு நாய்கள்தான் அசைஞ்சுது.

நியூட்ரல் வயரை பிசி817 ஆப்டோகப்ளர் வழியா எடுத்தேன். பழைய பல்பையும் மாத்திட்டேன், 10 ரூபாய். வெயில்ல எல்இடி தெரிய கறுஞ்சிவப்பு ஃபிலிம். ராத்திரி கண்ணு கூசாம இருக்க ஒரு எல்டிஆர். மழைக்கு சிலிக்கான். இதையெல்லாம் விரிவா எழுத ஒண்ணுமில்லை, எல்லாரும் செய்யறதுதான்.

ஜூலை கடைசியில மாட்டினேன். அப்பா ஒரு ரவுண்டு போயிட்டு வந்து இறங்கினாரு. "மூணுல போறேன்னு நெனச்சா ரெண்டுங்குது சாமி. பாத்தா ரெண்டுதான்." அவ்வளவுதான் பாராட்டு. அடுத்த நாள் டீக்கடையில நாலு பேருக்கு ஸ்டாண்ட் போட்டுக் காட்டினதா தங்கச்சி சொன்னா.

அம்மா மட்டும் எதுவும் சொல்லலை. ரெண்டு நாள் கழிச்சு, நான் காலேஜுக்குக் கிளம்பும்போது, பையில முறுக்கு டப்பாவை வெச்சுக்கிட்டே கேட்டாங்க:

"கியருக்கு நம்பர் வெச்சுட்ட. பிரேக்குக்கு என்ன நம்பர் வெப்ப?"

பின் பிரேக் வலது கால்ல இருக்கு. வலது பாதத்துல 10க்கு எட்டு. அந்த எட்டு எவ்வளவு நாளைக்கு எட்டா இருக்கும்னு யாருக்கும் தெரியாது. ஏழு துண்டு டிஸ்ப்ளேயில ஒரு புள்ளி சும்மா இருந்தது. பிரேக் லைட் சுவிட்ச்சுல இருந்து ஒரு வயர் இழுத்து, பெடலை மிதிச்சா அந்தப் புள்ளி எரியற மாதிரி செஞ்சேன். கால் பெடல் மேல இருக்கா, பக்கத்துல காத்தை மிதிக்குதா என்பது அதுல தெரியும். எவ்வளவு அழுத்தமா மிதிச்சாரு என்பது தெரியாது. அதுக்கு லோட் செல் வைக்கலாம், அளக்கலாம், எண்ணாவும் காட்டலாம். ஆனா திடீர்னு குழந்தை குறுக்கே ஓடி வரும்போது யாரும் மீட்டரைப் படிச்சுட்டு மிதிக்கப் போறதில்லை. கியருக்கு ஒரு செகண்ட் அவகாசம் இருக்கு, பிரேக்குக்கு இல்லை. அம்மாகிட்ட அதையே சொன்னேன். "தெரியுமே" அப்படின்னாங்க.

இப்போ நான் எதிர்பார்க்காத ஒரு விஷயம். சென்சார்கள் எப்போ எப்போ முரண்படுதுனு தெரிஞ்சுக்க, பிழை தேடுறதுக்காகவே, போர்டுல இருக்கிற 1 கிலோபைட் ஈப்ராம்ல ரெண்டு எண்ணைச் சேமிக்க வெச்சிருந்தேன். ஒவ்வொரு பயணத்துக்கும் மொத்தம் எத்தனை தடவை லீவர் அசைஞ்சது, அதுல எத்தனை தடவை லீவர் அசைஞ்சும் கியர் மாறலை. லீவர் சென்சார் பாதி தூரத்துலயே எண்ணிடும். கியர் விழ முழு தூரம் மிதிக்கணும். அப்போ அந்த ரெண்டாவது எண் என்பது, கால் பாதியில நின்னுபோன தடவைகளோட எண்ணிக்கை. மாசம் ஒரு தடவை வீட்டுக்குப் போகும்போது லேப்டாப்ல இறக்கிப் பார்ப்பேன்.

ஆகஸ்ட்ல 100 மிதிக்கு 4. செப்டம்பர்ல 5. அக்டோபர்ல 7. நவம்பர்ல 11.

முதல்ல சென்சார் நகர்ந்துடுச்சோனு பார்த்தேன். நகரலை. ஹாஸ்டல்ல உட்கார்ந்து அந்த வரைபடத்தையே பார்த்துக்கிட்டிருந்தேன். ஆஸ்பத்திரியில நைலான் இழையால 10 இடத்துல தொட்டு அளந்ததை, இந்தப் பெட்டி தினமும் நூத்துக்கணக்கான தடவை அளந்துக்கிட்டு இருக்கு. அதுக்காகச் செஞ்ச பெட்டியே இல்லை. இதை அவர்கிட்டச் சொல்லணுமா? சொன்னா வண்டிக்கும் அவருக்கும் நடுவுல நான் வந்து நிக்கிற மாதிரி ஆகுமே? ரூம்மேட் சொன்னான், "அவர் வண்டி, அவர் கால், அவர் டேட்டா." இந்தத் தடவை அவன் சொன்னதுதான் சரி.

அப்பாகிட்ட லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். தறிக்கணக்கு பார்க்கிற மாதிரியே கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வரி வரியா பார்த்தாரு. கோபப்படுவாருனு நெனச்சேன். அவர் கேட்டது வேற: "கிளட்ச் கேபிள் லூசா இருந்தாலும் கியர் சரியா விழாதே சாமி. அத இது பிரிச்சுக் காட்டுமா?"

காட்டாது. நியாயமான கேள்வி. வைவாவுல எங்கிட்ட இவ்வளவு நல்ல கேள்வி யாரும் கேட்டதில்லை. கேபிள் உண்மையிலயே இழுத்துப்போயிருந்தது. மெக்கானிக் அண்ணன்கிட்டப் புது கேபிள் போட்டு, ஃப்ரீ பிளே சரி பண்ணி, ஆயிலும் மாத்தினோம். வேற எதையும் தொடலை. அதே பண்டல், அதே பாதை, ஒரு மாசம்.

டிசம்பர்ல 7.

அப்பா விரலை மடக்கி எண்ணினாரு. "பதினொண்ணு ஏழாயிருச்சு. நாலு கேபிளோடது. ஆனா மொதல்ல நாலுதான இருந்துச்சு? அப்ப மீதி மூணு என்னோடதாக்கும்." சொல்லிட்டுக் கண்ணாடியைக் கழட்டி சட்டைப் பையில வெச்சாரு.

ஒரு மாசத்துக் கணக்கை வெச்சு இவ்வளவு துல்லியமாப் பிரிக்க முடியாதுனு சொல்ல வாயெடுத்தேன். ஆகஸ்ட்ல ஆயில் புதுசா இருந்திருக்கலாம், மார்கழிக் குளிர்ல கிளட்ச் வேற மாதிரி விட்டிருக்கலாம். புள்ளியியல் பாடத்துல படிச்ச அத்தனையும் ஞாபகம் வந்தது. சொல்லலை. அவர் காலைப் பத்தி என்னைவிட அவருக்குத் தெரியும்.

தை பொறந்ததுல இருந்து பண்டல் எல்லாம் பக்கத்துத் தெருக்காரரோட சின்ன யானையில போகுது. பாதி வாடகை அவருக்கு, அதனால வரும்படி கொஞ்சம் குறைவு. அப்பா வெறும் வண்டியில பகல்ல மட்டும் போய்க் கணக்குப் பார்த்துட்டு வர்றாரு. லாரி ஓடுற ரோட்டுல போறதில்லை. ரெண்டு பிரேக்கும் கையில இருக்கிற பழைய ஸ்கூட்டர் ஏதாவது கிடைக்குமானு விசாரிச்சுக்கிட்டிருக்காரு. அம்மா தினமும் ராத்திரி டார்ச் அடிச்சு ரெண்டு பாதத்தையும் பார்க்கறாங்க, புண்ணு ஏதும் இருக்கானு. டாக்டர் சொன்னதுல தவறாம நடக்கிறது அது ஒண்ணுதான்னு தங்கச்சி சொல்றா. மாத்திரையைப் பத்தி அவ சொன்னதை இங்க எழுதினா அப்பா படிச்சிடுவாரு.

கோடும் நிரலும் வேணும்கிறவங்க மூணாவது பிளாக் ஹாஸ்டலுக்கு வரலாம். ஸ்ப்ராக்கெட் பல் எண்ணிக்கையை முதல்ல எண்ணிட்டு வாங்க, என் எண்கள் உங்க வண்டிக்குப் பொருந்தாது. பிளக் வயர்ல சுத்துறது ஆறு சுத்துக்கு மேல வேண்டாம்.

போன வாரம் இறக்கின கணக்குல 100க்கு 8. அடுத்த செக்கப் பங்குனியில. அந்த ரெண்டு பக்கப் பிரிண்ட் அவுட்டை எடுத்துக்கிட்டுப் போகணும்னு அப்பா மடிச்சு ஆஸ்பத்திரி நோட்டுக்குள்ள வெச்சிருக்காரு.